நத்தையைக் கொல்லாமல் ஊதாச் சாயம் எடுக்கிறார்களாமே, உண்மையா?

பட்டறை_செல்வம் | செவ்வாய், இரவு 9:40

வணக்கம் மக்களே. நம் பட்டறையில் அவுரி, சாயவேர், மஞ்சிட்டி, கடுக்காய், மாதுளைத் தோல் என்று வழக்கமான சரக்குதான் ஓடுகிறது. போன வாரம் வாடிக்கையாளர் அம்மா ஒருவர் ஒரு துண்டின் படத்தை அனுப்பினார். மெக்சிகோவில் கடல் நத்தையிடமிருந்து எடுத்த ஊதாவாம். நத்தையைக் கொல்ல மாட்டார்களாம், சாற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி பாறையிலேயே விட்டுவிடுவார்களாம். இந்த நூலை வரவழைத்து ஒரு புடவைக்குக் கரை போட்டுத் தர முடியுமா என்று கேட்கிறார். அகிம்சைப் பட்டு மட்டுமே கட்டுகிறவர், 'கொல்லாத' என்றதும் மயங்கிவிட்டார்.

எனக்குத் தெரிந்த நத்தைச் சாயம் ரோமாபுரி ராஜாக்கள் கதைதான். அதில் நத்தையை நசுக்கித்தான் எடுப்பார்கள். இது வேறு நத்தையா? கொல்லாமல் எடுப்பது நடக்கிற காரியமா, விலையை ஏற்றச் சொல்கிற பேச்சா? நம் கடற்கரையில் கிடைக்குமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்த அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அலைவாய்க்காரன் | செவ்வாய், இரவு 10:25

வேறு நத்தைதான் செல்வம் அண்ணே, ஆனால் ஒரே குடும்பம். நம் ஊரில் முள்ளிச் சங்கு என்கிறோமே, அந்த மியூரிசிடே குடும்பம். நீங்கள் சொல்வது பிளிகோபர்பூரா பான்சா. கொலுமெல்லாரிஸ் என்ற இன்னொன்றும் உண்டு, இரண்டும் ஒரே இனம்தான் என்று சொல்கிற ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மெக்சிகோவின் பசிபிக் கரையிலிருந்து தெற்கே தென் அமெரிக்கா வரை, அலை நேராக வந்து அறைகிற பாறைகளில் இருக்கும். கரீபியன் பக்கம் இதன் சகோதர இனம், பட்டுலா.

பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. சாம்பலும் பழுப்புமாகச் சொரசொரப்பான ஓடு, அதில் அகலமான வாய். அந்த வாய் நிறையப் பாதம். அலை எவ்வளவு அடித்தாலும் பிடி விடாது. ஆனால் வாயை மூடுகிற மூடி சின்னது, ஓட்டை முழுக்க அடைக்காது. அதனால் வெயிலில் காய்ந்தால் தாங்காது. பகலில் ஈரமான பாறை இடுக்கில் ஒடுங்கிக் கிடக்கும். இரவில் நீர் வற்றும் நேரம் இரை தேடி ஊர்ந்து வரும்.

சாதுவான பிராணி என்று நினைக்காதீர்கள், முழு அசைவம். பாறையில் ஒட்டியிருக்கிற தொப்பி நத்தை, கைட்டன் (முதுகில் ஓட்டுத் தட்டுகள் உள்ள சின்னப் பிராணி) எல்லாம் இதற்கு இரை. கைட்டன் ஒட்டிக்கொண்டால் கத்தி வைத்தால்கூட வராது. இந்த நத்தை அதன் மேல் ஒரு வெள்ளைச் சாற்றை விடும். அந்தக் குடும்பத்து நத்தைகளின் சாற்றில் முரெக்ஸின் போன்ற கோலின் சேர்மங்கள் உண்டு, தசையைத் தளர்த்துகிறவை. இரையின் பிடி விட்டுப்போகும், அப்புறம் நிதானமாகச் சாப்பாடு. உங்கள் வாடிக்கையாளர் கேட்கிற ஊதா அந்தச் சாற்றிலிருந்துதான் வருகிறது. இரையை மடக்குகிற ஆயுதத்தை வாங்கி நூலில் பூசுகிறார்கள்.

நெசவு_நாகு | செவ்வாய், இரவு 10:51

அகிம்சைப் புடவைக்கு வேட்டைக்காரனின் விஷமா, பிரமாதம் 😀

ரோமாபுரி விஷயத்தில் செல்வம் சொன்னது சரி. மத்தியதரைக் கடல் நத்தைகளை நசுக்கித்தான் எடுத்தார்கள். லெபனான் கரையில் சீதோன் பக்கம் அந்த ஓடுகள் குன்றாகக் குவிந்து கிடந்தன. 1909இல் ஃப்ரீட்லேண்டர் என்ற வேதியியலாளர் 12,000 நத்தைகளை உடைத்து எடுத்தது 1.4 கிராம் சாயம். கி.பி. 301இல் ரோமப் பேரரசர் தியோக்லீஷியன் போட்ட விலைப்பட்டியலில் ஊதாப் பட்டு ஒரு ராத்தல் 1,50,000 தினாரி. ராஜா மட்டும் கட்டினதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

குவாதலஹாரா_குமரன் | புதன், காலை 7:15

நான் மெக்சிகோவில் வேலை பார்க்கிறேன். வஹாகா மாநிலக் கடற்கரைக்குப் போனபோது இதை நேரில் பார்த்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதைச் செய்கிறவர்கள் மிஸ்தெக் பழங்குடி மக்கள், பினோதெபா தே தோன் லுயிஸ் என்ற ஊர்க்காரர்கள். அவர்கள் ஊர் கடலோரத்தில் இல்லை, மலைப்பக்கம். அந்தக் காலத்தில் நாள்கணக்கில் கரையோரமாக நடந்தே வதுல்கோ விரிகுடாக்கள் வரை போவார்களாம். இப்போது வண்டி இருக்கிறது. சீசன் அக்டோபரில் தொடங்கி மார்ச் வாக்கில் முடியும்.

நீர் வற்றும் நேரம் பார்த்துப் பாறையில் இறங்குகிறார்கள். நான் போன அன்று ஒரு பெரியவர், அவர் மகன், இரண்டே பேர். பெரியவரின் இடது கையில் நனைத்த பருத்தி நூல் சிட்டம் ஒன்று, முழங்கை வரை சுற்றியிருந்தது. வலது கையில் ஒரு மரக்குச்சி. அலை பின்வாங்கும் அந்த ஒரு நிமிடத்தில் இடுக்குக்குள் குச்சியை விட்டு நத்தையை நெம்பி எடுக்கிறார். அடுத்த அலை வருவதற்குள் இரண்டு எட்டு மேலே ஏறிவிட வேண்டும். பாசி வழுக்குகிறது. எனக்கு நிற்கவே பயமாக இருந்தது, அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

நத்தையைக் கவிழ்த்துப் பிடித்தால் முதலில் தண்ணீர் மாதிரி ஒன்று சொட்டும், அது மூத்திரம். அதை உதறிவிடுகிறார். பிறகு பாதத்தை விரலால் உள்ளே அழுத்தினால் நுரையோடு பால் வருகிறது. சிட்டத்தின் மேல் வைத்து ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான். நத்தையை அலைத்துளி படுகிற நிழலான இடுக்காகப் பார்த்து, பாதம் பாறையில் படும்படி வைக்கிறார். அது ஒட்டிக்கொள்கிற வரை விரலை எடுக்கவில்லை.

நூலில் பட்டது வெள்ளையாகத்தான் இருக்கிறது. வெயிலில் மஞ்சளாகிறது, பச்சையாகிறது, சில நிமிடத்தில் ஊதா. ஒரே சிட்டத்தில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் பார்த்தேன், முன்னாடி தேய்த்த இடம் ஊதா, நடுவில் பச்சை, கடைசியாகத் தேய்த்த இடம் மஞ்சள். நாற்றம் மட்டும் சொல்லி மாளாது. பூண்டும் கெட்ட மீனும் கலந்த வாடை. துவைத்தாலும் வருஷக்கணக்கில் போகாதாம். அங்கே பெண்கள் நூலை வாங்கும்போது முகர்ந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

அந்த நூலை இடுப்புத் தறியில் நெய்வது பெண்கள். பொசவாங்கோ என்ற சுற்றுப்பாவாடை. குறுக்கே பட்டை பட்டையாக நத்தை ஊதா, அவுரி நீலம், கொச்சினீல் பூச்சியின் சிவப்பு.

கேள்வி_நாயகம் | புதன், காலை 9:02

குமரன் ஐயா எழுதினது நன்றாக இருந்தது. ஆனால் ஒன்று. கொல்லவில்லை என்பதும் கெடுதல் செய்யவில்லை என்பதும் ஒன்றா? இரை பிடிக்க வைத்திருக்கிற சாற்றைப் பிழிந்துவிட்டால் அன்று ராத்திரி அது எதைப் பிடித்துத் தின்னும்? பிடியிலிருந்து பெயர்த்து எடுக்கிறோம், வேறு இடத்தில் வைக்கிறோம், நண்டோ அலையோ கொண்டுபோனால் கணக்கில் வருமா? 'கொல்லாத சாயம்' என்று அட்டை தொங்கவிடுகிறவர் மறுநாள் போய் எண்ணிப் பார்த்தாரா?

இது மாட்டுப் பால் மாதிரிதான் என்று யாராவது வருவீர்கள். மாட்டுக்குத் தீவனம் வைக்கிறோம். நத்தைக்கு யார் வைத்தது?

அலைவாய்க்காரன் | புதன், மதியம் 1:30

நாயகம் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பதில், எடுக்கிறவர் யார், எப்படி எடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

நத்தை சாவது பிழிந்ததால் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதால். வெயில் படுகிற பாறையில் போட்டால் காய்ந்து செத்துப்போகும். மல்லாந்து விழுந்தால், மூடி சின்னது என்று முன்னாடியே சொன்னேன், சதை திறந்து கிடக்கும், நண்டுக்கும் மீனுக்கும் விருந்து. பிடி ஒட்டுவதற்குள் அலை வந்தாலும் போச்சு. குமரன் பார்த்த பெரியவர் விரலை எடுக்காமல் காத்திருந்தார் பாருங்கள், தொழில் தெரிந்தவர் செய்வது அது.

இன்னொன்று இடைவெளி. சாறு மறுபடி ஊறப் பொழுது வேண்டும். மிஸ்தெக்காரர்கள் ஒரு பாறையில் எடுத்தால் நிலாக் கணக்கில் ஒரு மாதம் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரு விரிகுடா விட்டு அடுத்த விரிகுடா என்று சுற்றி வருவார்கள். சீசன் முடிந்தால் பல மாதம் தொடுவதே கிடையாது. பொடி நத்தையை எடுப்பதில்லை.

இதெல்லாம் இல்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதும் நடந்து பார்த்த விஷயம். 1980களில் ஒரு ஜப்பானிய நிறுவனம் கிமோனோ சாயத்துக்காக அங்கே வந்தது. தொழில் தெரிந்த மிஸ்தெக்காரர்களை விட்டுவிட்டுக் கரையோரத்தில் கிடைத்த ஆட்களை வைத்து எடுத்தார்கள். அதே நத்தையை மாதம் பொறுக்காமல் திரும்பத் திரும்பப் பிழிந்தார்கள். சில வருஷத்தில் பாறைகள் காலியாக ஆரம்பித்தன. அப்போதும் 'நாங்கள் கொல்லவில்லையே' என்று சொல்லியிருக்கலாம்தான்.

கேள்வி_நாயகம் | புதன், மதியம் 1:48

அதைத்தான் நானும் சொல்கிறேன். முறை நல்லது, சந்தை கெட்டது. செல்வம் தம்பியின் வாடிக்கையாளர் சந்தை.

நெசவு_நாகு | புதன், மதியம் 2:05

ஒரு புடவைக் கரை கேட்ட அம்மாவைப் போய் ஜப்பான் நிறுவனம் ஆக்கிவிட்டீர்களே ஐயா.

கேள்வி_நாயகம் | புதன், மதியம் 2:11

ஒரு அம்மா இல்லை. அந்தப் படத்தை எத்தனை அம்மாக்களுக்கு அனுப்பியிருப்பார்கள்?

குவாதலஹாரா_குமரன் | புதன், இரவு 8:40

அதன் பிறகு என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். சாயக்காரர்களும் மெக்சிகோ ஆய்வாளர்களும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். 1988இல் அரசு ஆணை வந்தது. பரம்பரையாக எடுக்கிற சமூகங்கள் மட்டும் எடுக்கலாம், மற்ற யாரும் தொடக்கூடாது. 1994இல் வந்த பாதுகாப்புப் பட்டியலிலும் நத்தை இருக்கிறது. 1998இல் வதுல்கோ தேசியப் பூங்கா வந்தது.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் 80களிலிருந்தே வதுல்கோவைச் சுற்றுலாத் தலமாக்கினார்கள். சாலை வந்தது, விடுதிகள் வந்தன, முன்பு யாரும் எட்டாத பாறைக்கெல்லாம் ஆள் வந்தது. அவர்களுக்குச் சாயம் வேண்டாம், நத்தைக் கறி வேண்டும். கத்தியோடு வந்து வழித்துக்கொண்டு போகிறார்கள். சிக்கினால் தண்டனை உண்டு, ஆனால் அவ்வளவு நீளக் கரையை யார் காவல் காப்பது? அந்தப் பெரியவர் சொன்னது: சின்ன வயதில் ஒரு பாறையில் இறங்கினால் சிட்டம் நிறையுமாம். இப்போது விரிகுடா விரிகுடாவாக ஏறி இறங்கியும் பாதியில் நிற்கிறதாம். என் கண்ணெதிரே அவர் எடுத்தவற்றில் பாதிக்கு மேல் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பார்த்துவிட்டு அப்படியே திரும்ப வைத்துவிட்டார்.

இந்தத் தொழிலில் இன்னும் இருக்கிறவர்கள் ஏதோ கைவிரல் கணக்குதான். கோஸ்டா ரிக்காவில் போருகா மக்களும் இதே வகை நத்தையில் சாயம் போடுவார்கள், அங்கேயும் பெரிய கூட்டம் கிடையாது.

பட்டறை_செல்வம் | புதன், இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. சாயக்காரனாக எனக்கு ஒரு சந்தேகம். படிகாரம் இல்லை, கடுக்காய் இல்லை, தொட்டி இல்லை, நேரே நூலில் தேய்த்து வெயிலில் காட்டினால் பிடித்துக்கொள்கிறது என்றால் எப்படி? பருத்தியில் சிவப்பு ஏற்ற நாங்கள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும்.

அவுரி_அம்பிகா | புதன், இரவு 11:05

அண்ணா, உங்கள் தொட்டியில் இருக்கிற அவுரிக்கு அக்கா தங்கைதான் இது. அவுரி நீலத்தின் மூலக்கூறு இண்டிகோ. அதில் இரண்டு இடத்தில் ஹைட்ரஜனை எடுத்துவிட்டுப் புரோமினை வைத்தால் நத்தை ஊதா, 6,6'-டைபுரோமோஇண்டிகோ. மேலே நாகு சொன்ன ஃப்ரீட்லேண்டர் அந்த 1.4 கிராமை வைத்துத்தான் இதைக் கண்டுபிடித்தார். புரோமின் கடல் நீரில் உண்டு, நத்தை அதைப் பயன்படுத்திக்கொள்கிறது.

அவுரிக்குப் படிகாரம் போடுகிறோமா? இல்லை. தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுப் புளிக்க வைத்து, கரையாத நீலத்தைக் கரைகிற மஞ்சள்பச்சையாக மாற்றி, நூலை முக்கி எடுக்கிறோம். காற்றுப் பட்டதும் இழைக்குள்ளேயே மறுபடி நீலமாகி உட்கார்ந்துகொள்கிறது. நத்தைச் சாற்றில் அந்த வேலையில் பாதி முடிந்தே வருகிறது. அது இன்னும் சாயம் ஆகவில்லை, சாயத்துக்கு முந்தின பொருள், கரைந்த நிலையில் இழைக்குள் போய்விடும். காற்றும் வெயிலும் பட்டு அங்கேயே ஊதாவாகிறது. குமரன் பார்த்த பச்சைக்குத் தைரிவெர்டின் என்று பெயர். அது ஊதாவாகும்போது கந்தகச் சேர்மம் வெளியே போகிறது, பூண்டு வாடை அதனால்தான்.

எனக்குப் பிடித்த ஒரு விஷயம் சொல்லட்டுமா? ஆன ஊதாவை நம் தொட்டி மாதிரியே புளிக்க வைத்துக் கரைத்து, கரைந்திருக்கும்போது வெயிலில் காட்டினால் புரோமின் கழன்றுவிடும். துணியை எடுத்தால் நீலம்! 1980களில் இஸ்ரேலில் ஓட்டோ எல்ஸ்னர் என்ற சாய வேதியியலாளர் கவனித்தது இது. யூதர்களின் பழைய நீலச் சாயம் நத்தையிலிருந்து எப்படி வந்தது என்ற கேள்விக்கு அதுவரை சரியான பதில் இல்லை. மேகமூட்டமான நாளில் சாயம் போட்டால் ஊதா, வெயில் நாளில் போட்டால் நீலம். நம் தொட்டியில் இந்த வம்பெல்லாம் கிடையாது.

நெசவு_நாகு | வியாழன், காலை 6:50

கொச்சினீல் என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது, தலைப்புக்கு வெளியே, மன்னிக்கவும். 18ஆம் நூற்றாண்டுக் கடைசியில் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் மெட்ராஸ் சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டமே போட்டு அந்தப் பூச்சியை வளர்க்கப் பார்த்தார். மெக்சிகோச் சிவப்பை இங்கே உண்டாக்கிவிடலாம் என்று கனவு. தேறவில்லை. நல்ல வேளை, நத்தை வளர்க்கிற யோசனை அவருக்கு வரவில்லை.

பரதவன்_மகன் | வியாழன், காலை 8:15

நம் கடற்கரையில் கிடைக்குமா என்று செல்வம் அண்ணன் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அந்த நத்தை இங்கே கிடையாது. அதே குடும்பத்து முள்ளிச் சங்கு எங்கள் பக்கம் வலையில் நிறைய ஏறும். கன்னியாகுமரிப் பாறைகளில் வேறு சில சொந்தங்களும் ஒட்டியிருக்கும். கையில் ஊதாக் கறையும் படும். ஆனால் கறந்து எடுக்கிற அளவுக்குச் சாறு பீச்சுகிற நத்தை இங்கே இல்லை. வேண்டும் என்றால் உடைக்கத்தான் வேண்டும், அப்புறம் அது அகிம்சை இல்லை.

திரும்ப விடுகிற வழக்கம் மட்டும் எங்களுக்கும் புதிதில்லை. தூத்துக்குடிச் சங்குக் குளிப்பில் அளவு வளையம் வைத்திருந்தார்கள். வளையத்துக்குள் நுழைந்துவிடுகிற சங்கு சின்னது, உயிரோடு கடலுக்கே போய்விடும். சங்கும் வேட்டை நத்தைதான், மணலில் புழு தின்கிறது. அப்பா காலத்தில் வளையத்தில் ஏமாற்றினவர்களும் உண்டு, அது வேறு கதை.

ஒரு எச்சரிக்கை. 2001இலிருந்து நம் நாட்டில் பல சங்கு, சிப்பி இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. 'நானும் எடுத்துப் பார்க்கிறேன்' என்று யாரும் பாறையில் இறங்க வேண்டாம்.

அலைவாய்க்காரன் | வியாழன், காலை 10:20

பரதவன் சொன்னதோடு ஒன்று. இந்தக் குடும்ப நத்தைகளுக்குக் கப்பல் பெயிண்டாலும் சோதனை வந்தது. அடிப்பகுதியில் பாசி பிடிக்காமல் இருக்க டிரைபியூட்டைல் டின் கலந்த பெயிண்ட் அடிப்பார்கள். அது பட்டால் பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைக்கும். சில இனங்களில் முட்டைக் குழாயே அடைபட்டுப்போகும். துறைமுகம் பக்கத்துப் பாறைகளில் நத்தை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2008இலிருந்து உலக அளவில் தடை அமலில் இருக்கிறது.

நாயகம் ஐயாவுக்கு இன்னொன்று. சாறு இரைக்கு மட்டுமில்லை. இந்தக் குடும்பத்தில் ஆஸ்திரேலியாவின் டைகாதைஸ் நத்தையில் பார்த்திருக்கிறார்கள், சாயத்துக்கு முந்தின அந்தப் பொருள்கள் முட்டைக் கூட்டிலும் இருக்கின்றன, நுண்ணுயிர் அண்டாமல் காக்கின்றன. அதனால் இனப்பெருக்கக் காலத்தில் தொடாமல் விடுவது முக்கியம்.

கேள்வி_நாயகம் | வியாழன், காலை 11:00

இது எனக்குத் தெரியாத செய்தி, நன்றி. செல்வம் தம்பி என்ன முடிவெடுத்தார்?

பட்டறை_செல்வம் | வெள்ளி, இரவு 8:55

அந்த அம்மாவிடம் பேசினேன். இழையையே அனுப்பிப் படிக்கச் சொன்னேன். நூல் நான் வரவழைக்கப் போவதில்லை. அந்தக் கைவிரல் கணக்குச் சாயக்காரர்கள் எடுப்பது அவர்கள் வீட்டுப் பெண்கள் நெய்வதற்கே போதாது. நடுவில் இரண்டு கை மாறி என் பட்டறைக்கு வருகிற நூல் யார் எடுத்தது, மாதம் பொறுத்து எடுத்ததா, இல்லை ரசாயனப் பொடியா என்று எனக்குத் தெரிய வழியில்லை. வேண்டும் என்றால் வஹாகாவுக்கே போய், நெய்கிற பெண்களிடம் நேரே ஒரு பொசவாங்கோ வாங்கிக்கொள்ளுங்கள், காசு அவர்கள் கைக்குப் போகும் என்றேன். அம்மாவுக்கு மகள் அமெரிக்காவில் இருக்கிறாராம், போனாலும் போவார்.

கரைக்கு ஊதா வேண்டும் என்று இன்னும் பிடிவாதமாக இருக்கிறார். இளம் அவுரி இரண்டு முக்கு, அதன் மேல் சாயவேர் ஏற்றிக் கத்தரிப்பூ நிறம் கொண்டுவரப் பார்க்கிறேன். அம்பிகா, உங்களிடம் ஒரு சந்தேகம்: அவுரியை முதலில் போட்டுவிட்டுக் கடுக்காய், படிகாரம் ஏற்றினால் நீலம் மங்குமா, இல்லை சிவப்பை முடித்துவிட்டு அவுரித் தொட்டிக்குப் போவதா?

அவுரி_அம்பிகா | வெள்ளி, இரவு 10:10

நீலம் முதலில் அண்ணா. சிவப்பை முடித்துவிட்டுச் சுண்ணாம்புத் தொட்டியில் முக்கினால் சாயவேரின் நிறம் மாறிவிடும். அவுரியை நன்றாக அலசி, இரண்டு நாள் காற்றாட விட்டு, அப்புறம் கடுக்காய்க்குப் போங்கள். முதலில் ஒரு சின்னச் சிட்டத்தில் பார்த்துவிட்டுப் படம் போடுங்கள். வேறு இழையில் போடுங்கள், இது நத்தைக்கு இருக்கட்டும்.